அந்தமானில் அடுப்பு உண்டு

எனக்கு வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணு. நாலு நாள் அடுப்புப் பக்கம் போகக் கூடாது. அவ்வளவுதான். கடல், மணல், தென்னமரம் எல்லாம் அதுக்கப்புறம். இருந்தா சந்தோஷம், இல்லேன்னாலும் பரவால்லை.

இதை நான் சுத்தி வளைச்செல்லாம் சொல்லலை. நவம்பர் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, நாலாவது ரவுண்டு தோசை வார்த்துண்டே, நேரா என் ஆத்துக்காரர் மூஞ்சியைப் பாத்துச் சொன்னேன். "எங்கயாவது போகணும். நான் சமைக்காத எடமா இருக்கணும்." ஜம்புநாதன் தோசையைச் சட்னியில தோய்ச்சுண்டு, "கண்டிப்பா"ன்னார். இவர் கண்டிப்பான்னு சொன்னா அது நடந்துடும். எப்படி நடக்கும்கறதுதான் யாருக்கும் தெரியாது.

நாங்க மெட்ராஸ்லேந்து டிரான்ஸ்ஃபர்ல கல்கத்தா வந்து ஏழு வருஷம் ஆச்சு. பெஹாலாவுல குவார்ட்டர்ஸ், மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இவருக்கு அலிப்பூர்ல சென்ட்ரல் கவர்மென்ட் ஆபீஸ், ஸ்டோர்ஸ் செக்‌ஷன். பெரியவன் கௌசிக்குக்கு ஆறு வயசு. சின்னவ மஹிமாவுக்கு நாலு. இந்த ஏழு வருஷத்துல நான் அடுப்பு மூட்டாம இருந்தது ரெண்டு குழந்தேளும் பொறந்தப்போ பதினஞ்சு பதினஞ்சு நாள், அதுவும் எங்கம்மா வந்து மூட்டினா. பூரி ஜகந்நாதர் கோவிலுக்குப் போனோம், மூணு வேளைக்குப் புளியோதரை கட்டிண்டு போனேன். டார்ஜிலிங் போனோம், அந்தக் குளிர்ல விடிகாலம்பற எழுந்து எலக்ட்ரிக் குக்கர்ல சாதம் வெச்சேன். ஹோட்டல் முழுக்க ஃப்யூஸ் போய், மேனேஜர் கதவைத் தட்டி என்னைத்தான் சத்தம் போட்டான். ஊருக்கு லீவுக்குப் போனா கேக்கவே வேண்டாம், அங்க பந்தியில பதினாலு பேர்.

அந்தமான்ங்கற யோசனை பல் டாக்டர் கிளினிக்ல வந்துது. கௌசிக்குக்குப் பல் பிடுங்கக் காத்துண்டிருந்தப்போ ஒரு பத்திரிகையைப் புரட்டினேன். நீலமா கடல், வெள்ளையா மணல், சாய்வு நாற்காலியில ஒரு பொம்மனாட்டி. நான் கடலைப் பாக்கலை, அவளைத்தான் பாத்துண்டிருந்தேன். வயித்து மேல புஸ்தகத்தைக் கவுத்துப் போட்டுண்டு, வாயைத் தெறந்துண்டு தூங்கறா. அவளை எழுப்பி, உப்பு எந்த டப்பாவுல இருக்குன்னு கேக்க அங்க ஒருத்தரும் இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழிச்சு ஹேண்ட்பேக்ல வெச்சுண்டேன். தப்புதான், ஆனா வெச்சுண்டேன்.

ஆத்துக்கு வந்து காலண்டரைப் பாத்தா, 2009 ஜனவரியில நேதாஜி பொறந்த நாள் வெள்ளிக்கிழமை, குடியரசு தினம் திங்கக்கிழமை, நடுவுல சனி ஞாயிறு. ஸ்கூல் கிடையாது. கல்கத்தாவுலேந்து பிளேன்ல ரெண்டு மணி நேரம். படத்தை இவர்கிட்ட குடுத்து, "இந்த மாதிரி"ன்னேன். ரொம்ப நேரம் உத்துப் பாத்துட்டு, "நாற்காலி மூங்கில்"ன்னார். அப்பவே எனக்கு லேசா சந்தேகம் வந்திருக்கணும்.

மறுநாள் ஆபீஸ்லேந்து வரச்சயே ஒரு ஃபைல் கொண்டு வந்தார். ஓட்டை போட்டு டேக் கட்டின ஃபைல். மேல "அந்தமான்: ஓய்வுப் பயணம்"னு எழுதியிருக்கு. உள்ள முதல் பக்கத்துல நான் கிழிச்ச படம், அதுக்கு ஒரு நம்பர். ரெண்டாவது பக்கத்துல நாலு நாளுக்கும் டைம் டேபிள். ஓய்வெடுக்கப் போறதுக்கு டைம் டேபிள் போடற மனுஷனை நான் வேற எங்கயும் பாத்ததில்லை. காலை ஏழரை மணிக்கு டிபன், உப்புமா. ஒம்போது மணிக்குக் கடல். பன்னண்டரைக்குச் சாப்பாடு. ரெண்டுலேந்து மூணு வரைக்கும் ஓய்வு, பக்கத்துலயே பிராக்கெட் போட்டு "அனைவரும்". நாலு மணிக்கு டீ, பஜ்ஜி. ராத்திரி தோசை.

"இந்த உப்புமாவை யார் கிண்டுவா?"ன்னு கேட்டேன்.

"அதெல்லாம் ஹோட்டல்ல பாத்துப்பா. டென்டடிவ்தான்," ன்னார்.

நானும் நம்பினேன். உப்புமா கிண்டற ஹோட்டல் அந்தமான்ல இருக்கும்னு நம்பின என் புத்தியை என்னன்னு சொல்றது.

ஜனவரி ரெண்டாவது வாரம், ஒரு சாயங்காலம், கையில நோலன் குர் சந்தேஷ் டப்பாவோட உள்ள நுழைஞ்சார். பனிக்காலத்துல மட்டும் வர்ற, ஈச்ச வெல்லம் போட்ட பால் இனிப்பு, எனக்குப் பிடிக்கும்னு தெரியும். பெரிய விஷயம் ஏதாவது இருந்தாத்தான் இது வரும். "உனக்கு ஒரு சர்ப்ரைஸ்"னு செருப்பைக் கூடக் கழட்டாம நின்னார். "ஹோட்டலை கேன்சல் பண்ணிட்டேன். ஹாலிடே ஹோம் கிடைச்சுடுத்து."

டப்பாவைத் தெறந்து ஒரு சந்தேஷை எடுத்தவ அதைக் கையிலயே வெச்சுண்டு நின்னேன்.

ஹாலிடே ஹோம்னா என்னன்னு கல்கத்தாவுல இருக்கறவாளுக்குச் சொல்ல வேண்டாம். இங்க பேங்க், ஆபீஸ், யூனியன் எல்லாத்துக்கும் பூரியிலயோ திகாவுலயோ கடலோரமா ஒரு வீடு இருக்கும். ஸ்டாஃப் குடும்பத்தோட போய்த் தங்கலாம். கட்டில், மெத்தையோட கேஸ் அடுப்பும் பாத்திரமும் குடுத்துடுவா. வங்காளிக் குடும்பங்களுக்கு அதுதான் விடுமுறையே. காலம்பற பையைத் தூக்கிண்டு மார்க்கெட் போய், அன்னிக்குப் பிடிச்ச மீனைப் பேரம் பேசி வாங்கி, அங்கயே பொரிச்சு, அங்கயே சாப்பிட்டுத் தூங்குவா. அந்தாத்துப் புருஷா கரண்டி பிடிப்பா, அதையும் நான் சொல்லணும். எங்காத்துல கரண்டி பிடிக்கற கை ஒரே ஜோடிதான்.

"நம்ம ஹால்தார்தாதான் ஏற்பாடு பண்ணிக் குடுத்தார்," ன்னார். ஹால்தார், இவருக்கு அடுத்த சீட். எல்லாருக்கும் அவர் அண்ணா முறை, அதனால 'தா'. "அவரோட சங்கத்துக்குப் போர்ட் பிளேர்ல ஒண்ணு இருக்காம். சாமான்யமா கிடைக்காது. ஜன்னல்லேந்து கடல் தெரியும். ரெண்டு பர்னர் கேஸ். மிக்ஸி கூட இருக்காம், ஷியாமளா."

மிக்ஸி இருக்காம். புடவை வாங்கிண்டு வந்த மாதிரி முகமெல்லாம் மலர்ந்து நிக்கறார். நான் சந்தேஷைக் கீழ வெச்சேன்.

"நான் என்ன கேட்டேன், ஞாபகம் இருக்கா?"

"தீவு கேட்டே."

"நான் சமைக்காத எடம் கேட்டேன்."

"ஆமா, ஆனா அங்க பாரு, எல்லாம் மீன். ஹோட்டல்ல ஒரே எண்ணெய்ல எல்லாத்தையும் பொரிப்பான். மஹிமாவுக்கு வயித்துக்கு ஆகாது. நீ ஒண்ணும் விஸ்தாரமா பண்ண வேண்டாம். சிம்பிளா ஒரு ரசம், ஒரு பொரியல், அப்பளம்."

சிம்பிள். இந்த வார்த்தையைக் கண்டுபிடிச்சவன் ஒரு நாளும் ரசம் வெச்சிருக்க மாட்டான். "நான் அங்க சமைக்க மாட்டேன்"னு நேராவே சொன்னேன். இவர் சிரிச்சார். "அங்க போய் அடுப்பைப் பாத்தா உனக்கே கை துறுதுறுங்கும்"னுட்டு டிவியைப் போட்டுண்டார். கோவமாவது பட்டிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சிரிக்கற மனுஷன்கிட்ட என்னத்தைச் சண்டை போடறது.

மறுநாள் லேக் மார்க்கெட் பக்கம் நம்ம பலசரக்குக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பேர் சிதம்பரம், ஊர் காரைக்குடிப் பக்கம், முப்பது வருஷமா இங்க காப்பிப்பொடியும் அப்பளமும் விக்கறார். அந்தமான்ல நமக்குச் சாப்பாடு கிடைக்குமான்னு கேட்டேன். "என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க. போர்ட் பிளேர்ல பாதிப் பேரு நம்ம ஆளுங்க. பஜார்ல இறங்கினா இட்லி, பொங்கல், சைவச் சாப்பாடு எல்லாம் இருக்கு. எங்க மச்சினனே வருஷத்துக்கு ரெண்டு தடவை போறான்"னார். எனக்கு உசிர் வந்துது. ஆத்துக்கு ஓடி வந்து இவர்கிட்ட சொன்னா, "பஜார் இட்லியா, சோடா உப்புப் போடுவான்"னு ஒரே வரியில அதை அடக்கம் பண்ணிட்டார்.

அப்புறம் லிஸ்ட் ஆரம்பமாச்சு. ஸ்டோர்ஸ் செக்‌ஷன் ஆசாமிக்கு லிஸ்ட் கிடைச்சா சாப்பாடே வேண்டாம். குக்கர் ஒண்ணு, மூணு லிட்டர். இட்லி மிளகாய்ப்பொடி. ரசப்பொடி. புளி. பெருங்காயம், கட்டி இல்லை, தூள். பொன்னி அரிசி, ஏன்னா அங்க எந்த அரிசி கிடைக்குமோ. ரவை. மஹிமாவுக்கு நெய். தோசைத் திருப்பி. ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல டிக் போட ஒரு கட்டம். நீச்சல் டிரஸ் முப்பத்தி ரெண்டாவது ஐட்டம். நான் படிக்கணும்னு எடுத்து வெச்ச புஸ்தகம் லிஸ்ட்லயே இல்லை. "எடை ஜாஸ்தியாயிடும், அங்க உனக்கு எங்க நேரம்?"னார். சொல்லும்போது அவருக்கே அது என்னன்னு உறைக்கலை.

நானும் மூட்டை கட்டினேன். ஏன் கட்டினேன்னு கேட்டா எனக்குப் பதில் தெரியாது. திட்டிண்டே கட்டினேன். பொடியை எல்லாம் கவர்ல போட்டு மெழுகுவத்தியில ஒட்டி, மேல பேர் எழுதினேன். கௌசிக் வந்து, "அம்மா, நாம அங்கயே இருந்துடப் போறோமா?"ன்னு கேட்டான். பேசாம போன்னேன்.

வியாழக்கிழமை சாயங்காலம். மறுநாள் விடிகாலம்பற பிளேன். மஹிமாவைக் கீழ பார்க்லேந்து கூட்டிண்டு படியேறிண்டிருந்தேன். ரெண்டாவது மாடியில தத்தா பௌதி கதவைத் தெறந்துண்டு நின்னா. பௌதின்னா மன்னி. குழந்தையை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். மஹிமாவும் எங்கிட்ட பேசறதை விட அவகிட்ட வங்காளியில பேசறதுதான் ஜாஸ்தி. கன்னத்தைக் கிள்ளி, "அந்தமான் போய் என்னெல்லாம் பண்ணப் போறே?"ன்னு கேட்டா.

மஹிமா விரலை மடக்கி மடக்கிச் சொல்லித்து. அப்பா கடல்ல குளிப்பா. அண்ணா மண்ல கோட்டை கட்டுவான். நான் கிளிஞ்சல் பொறுக்குவேன்.

"அம்மா?"

"மா ரான்னா கோர்பே."

அம்மா சமைப்பா. யோசிக்கக் கூட இல்லை. அடுத்த விரலை மடக்கித்து, சொல்லித்து, மேல படியேறித்து. பௌதி என்னைப் பாத்துச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். இவர் சொன்னதெல்லாம் கோவமாத்தான் போச்சு. இது அப்படி இல்லை. நாலு வயசுக் குழந்தை, என்னோட இடம் எதுன்னு சூரியன் கிழக்குலங்கற மாதிரி தெரிஞ்சு வெச்சிண்டிருக்கு. இன்னும் இருபது வருஷம் கழிச்சு அதுவும் யாராத்து அடுப்புக்கு முன்னாடியோ நிக்கும், இதே மாதிரி யோசிக்காம.

மேல வந்தேன். இவர் பெட்டியைத் தராசுல தூக்கி வெச்சு எடை பாத்துண்டிருந்தார். "பத்தொம்போதரை, கரெக்டா இருக்கு"ன்னார்.

"என் துணியை அதுலேந்து எடுத்துடுங்கோ," ன்னேன். "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்கோ. நான் வரலை."

"என்ன ஷியாமளா, தலைவலியா?"

"ஒண்ணும் இல்லை. நான் சமைக்காத எடமா போகணும்னு சொன்னேன். அது நம்ம ஆத்துலதான் இருக்கு, நீங்க யாரும் இல்லாம இருந்தா. நான் லீவுக்கு இங்கயே போறேன்."

முதல்ல விளையாட்டுன்னு நினைச்சார். அப்புறம் முகத்தைப் பாத்தார். "டிக்கெட் வீணாப் போறதே"ன்னார். பெட்டியைத் தெறந்து என் புடவையை நானே வெளில எடுத்தேன். "தனியா ரெண்டு குழந்தேளை வெச்சுண்டு எப்படி?"ன்னார். "நான் வெச்சுண்டிருக்கேனே, அப்படித்தான்"னேன். கடைசியா குரலைத் தாழ்த்திண்டு கேட்டார். "அப்போ சமையல்?"

"ரெண்டு பர்னர் இருக்கு, மிக்ஸி இருக்கு. எல்லாப் பொட்டலத்துலயும் பேர் எழுதியிருக்கேன். சிம்பிளா பண்ணுங்கோ."

போய்ட்டு வரட்டும்னு நான் பிடிவாதமா இருந்ததுல எனக்கு ஒண்ணும் பெருமை இல்லை. விடிகாலம்பற டாக்ஸியில ஏறும்போது மஹிமா அழுதுது. கௌசிக் எனக்குக் கையாட்டலை. அவர் மட்டும், "நிஜமாவே வரலையா?"ன்னு ஜன்னல் வழியா இன்னொரு தரம் கேட்டார். டாக்ஸி டைமண்ட் ஹார்பர் ரோட்டுல திரும்பற வரைக்கும் நின்னுட்டு மேல வந்து, கதவைச் சாத்திண்டு, செருப்பை எந்த மூலையில விட்டேன்னு கூடப் பாக்காம படுத்துண்டேன்.

ரெண்டு மணி நேரத்துல முதல் ஃபோன். கேஸ் லைட்டரை செக்யூரிட்டியில எடுத்துண்டுட்டாளாம். நான் என்ன பண்ணட்டும்.

அன்னிக்கு நான் டீ கூடப் போடலை. கீழ டீக்கடையில மண் கோப்பையில வாங்கிக் குடிச்சேன். மத்யானம் காகிதக் கூம்புல, முரின்னு இங்க சொல்ற பொரி, நிறைய பச்சை மிளகாயோட. தெரு முனையில நேதாஜி படத்துக்கு மாலை போட்டு, காலம்பறலேந்து மைக்ல பாட்டு. அதுவும் நன்னாத்தான் இருந்துது. சோஃபாவுல சாஞ்சு, புஸ்தகத்தைப் பிரிச்சு, நாலு பக்கம் படிச்சு, வயித்து மேல கவுத்துண்டு கண்ணை மூடினேன். ஃபோன் அடிச்சுது.

"உப்பு எந்தப் பொட்டலம்?"

நான் சத்தியமாச் சொல்றேன், இதைத்தான் கேட்டார்.

சனிக்கிழமை ஒம்போது ஃபோன். அரிசிக்கு எத்தனை தண்ணி. குக்கர் விசில் வரலை. வந்துது, ஆனா நிக்கலை. பெருங்காயம் முன்னாடியா பின்னாடியா. உப்புமா கட்டி தட்டிடுத்து, குழந்தேள் துப்பறது. தேங்காய்ப் பத்தை மிக்ஸியில மாட்டிண்டு மிக்ஸி புகையறது. ஃபோனை அணைச்சு வெச்சுடலாம்னு ஒவ்வொரு தடவையும் தோணித்து. குழந்தேள் கடலுக்குப் பக்கத்துல இருக்காளேன்னு அணைக்கவும் முடியலை. நாலு நாள் ஓய்வுக்கு நான் போட்ட திட்டம் எப்படி இருந்துதுன்னா, அடுப்பு அந்தமான்ல, சமையல் என் காதுல.

ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குக் கௌசிக் பேசினான். "கடல் எப்படிடா இருக்கு?"ன்னேன்.

"ஜன்னல்லேந்து நீலமா இருக்கு."

"ஜன்னல்லேந்தா? போகலையா?"

"நேத்திக்குப் போனோம். மணல்ல உக்காந்த ஒடனே அப்பா, பாலை அடுப்புல வெச்சுட்டு வந்துட்டேனேன்னு ஓடி வந்துட்டா. அப்புறம் பாத்திரம் தேய்க்கணும்னா."

ஃபோனை மஹிமா பிடுங்கித்து. "அம்மா, அப்பா ரான்னா பண்ணிண்டே இருக்கா. எனக்குக் கிளிஞ்சலே இல்லை"ன்னு சொல்லிட்டு அழ ஆரம்பிச்சுது. பின்னாடி பாத்திரம் உருள்ற சத்தம். அப்புறம் இவர் வந்தார். குரல் அவரோடது மாதிரியே இல்லை.

"ஷியாமளா, இது முடியவே மாட்டேங்கறதே. டிபன் முடிச்சு நிமிந்தா சாப்பாட்டு வேளை வந்துடறது. அதை முடிச்சா பாத்திரம். பாத்திரம் முடிஞ்சா பால் கேக்கறா. நான் சிம்பிளாத்தான் பண்றேன். நான் இன்னும் கடல்ல கால் கூட நனைக்கலை."

இந்த நிமிஷத்துக்காக நான் ஏழு வருஷமா வாக்கியம் தயார் பண்ணி வெச்சிருந்தேன். ஒவ்வொண்ணும் நாக்கு நுனியில இருந்துது. உங்களுக்கே கை துறுதுறுங்கலையான்னு கேட்டிருக்கலாம். ரெண்டுலேந்து மூணு வரைக்கும் ஓய்வு போட்டிருந்தேளே, எடுத்துண்டேளான்னு கேட்டிருக்கலாம். மஹிமா அங்க விசும்பிண்டிருந்துது. எல்லாத்தையும் முழுங்கிட்டு வேற கேட்டேன்.

"இப்போ அடுப்புல என்ன இருக்கு?"

"ரசம். இன்னும் கொதிக்கலை."

"அணைச்சுடுங்கோ."

"சாதம் வேற..."

"எல்லாத்தையும் அணையுங்கோ. கையை அலம்பிண்டு, குழந்தேளைக் கூட்டிண்டு கடலுக்குப் போங்கோ. பசிச்சா பஜார்ல இட்லி வாங்கிக் குடுங்கோ, சோடா உப்பு போட்டிருந்தாலும் பரவால்லை. இன்னிக்கும் நாளைக்கும் நீங்க சமைக்க வேண்டாம்."

அடுப்புக் குமிழைத் திருப்பறது கேட்டுது. அப்புறம் ரொம்ப மெல்ல, "நிஜமாவா?"ன்னார்.

"நிஜமா."

அவர் மூச்சு விட்டது இங்க பெஹாலா வரைக்கும் கேட்டுது. ஃபோனை வெச்சதும் எனக்கு அழுகை பொத்துண்டு வந்துடுத்து. ஏழு வருஷமா, யாராவது ஒருத்தர் எனக்குச் சொல்ல மாட்டாளான்னு அடுப்புக்கு முன்னாடி நின்னுண்டிருந்த வார்த்தை அந்தச் 'சமைக்க வேண்டாம்'. அதை அவருக்குச் சொல்ல எனக்கு அரை நிமிஷம் கூட ஆகலை.